கொல்லைக் கோழியும் மறந்துபோன கத்தியும்

நபி (ஸல்) அவர்கள் கோழிக்கறி உண்டதைத் தாம் கண்டதாக அபூ மூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி ஸஹீஹுல் புகாரீயில் உள்ளது. அதன் பின்னணி கவனிக்கத்தக்கது. விருந்தில் கோழி வைக்கப்பட்டபோது ஒருவர் மட்டும் ஒதுங்கினார். கோழி அசுத்தம் தின்பதைக் கண்டு, இனி உண்பதில்லை எனச் சத்தியம் செய்திருந்தாராம். அபூ மூஸா (ரலி) அவரை அருகழைத்து உண்ணச் சொன்னார்கள். இப்னு உமர் (ரலி) அவர்களோ அத்தகைய கோழியை மூன்று நாள் அடைத்து வைப்பார்கள் என்று அறிவிக்கப்படுகிறது. அறுப்பதற்கு முன் சேவலைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து நொய்யரிசி போட்ட நம் பாட்டிமார், ‘ஜல்லாலா’ என்ற சொல்லை அறியாமலே அவ்வழியில் நின்றவர்கள்.

1931-இல் கடற்கரை–தாம்பரம் மின்ரயில் ஓடத் தொடங்கிய காலத்தில் இப்பகுதி பெரும்பாலும் ஏரியும் வயலுமே. வீட்டின் பின்னே கொல்லை, கொல்லையில் கோழி. அடைக்கோழி 21 நாள் அமர்ந்து குஞ்சு பொரிக்கும். குஞ்சு கறிக்கு ஆக ஐந்தாறு மாதம் பிடிக்கும். ஆதலால் கோழிக்கறி விருந்தாளிக்கும் பெருநாளுக்கும் உரியதாயிற்று. வெள்ளைக்கழிச்சல் புகுந்தால் அதுவும் இல்லை. சில நாளில் கூடு காலியாகிவிடும்.

நந்தனம் கோழி ஆராய்ச்சி நிலையம், ரோட் ஐலண்ட் ரெட் இனத்திலிருந்து ‘நந்தனம் கோழி’யை உருவாக்கிக் கொல்லை வளர்ப்புக்கு வழிகாட்டியது. ஆயினும் ஆறு வாரத்தில் இரண்டு கிலோ எட்டும் பிராய்லரே வென்றது. பல்லடம் வட்டாரத்தில் பண்ணைகள் பெருகின. இங்கே கொல்லைகள் அடுக்குமாடிகளாயின. 2021-இல் தாம்பரம் மாநகராட்சியும் ஆனது.

கோழி போனதைவிட அறுக்கும் அறிவு போனதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. மூச்சுக்குழல், உணவுக்குழல், இரு இரத்தக் குழாய்கள் ஆகிய நான்கில் மூன்றேனும் அறுபட வேண்டும் என்பது ஹனஃபீ நிலை. முன்னிரண்டும் முழுமையாக அறுபடுவது கட்டாயம் என்பது ஷாஃபிஈ நிலை. இதைப் பிழையின்றி ஒப்பிக்கும் மதரஸா மாணவன் உயிருள்ள கோழியைக் கையால் பிடித்ததில்லை. கத்தியை நன்கு தீட்டி, பிராணிக்கு வேதனையைக் குறைக்க வேண்டும் என்ற நபிமொழியும் அவனுக்கு மனப்பாடம்தான்.

பெண்கள் அறுக்கலாகாது என்று சில வீடுகளில் மோதினாரைத் தேடி அலைவதும் உண்டு. கஅப் பின் மாலிக் (ரலி) அவர்களின் ஆடுகளை மேய்த்த அடிமைப்பெண், சாகும் நிலையிலிருந்த ஆட்டைக் கூரிய கல்லால் அறுத்தார். அதனை உண்ணுமாறு நபி (ஸல்) அவர்களே கூறினார்கள். இதுவும் புகாரீயில் உள்ளதே.

கடைக்குச் செல்வோர் ஒன்றை மட்டும் நின்று பாருங்கள்: அறுத்த கோழி துடிப்படங்கிய பிறகுதான் வெந்நீருக்குப் போகிறதா?