முற்றுகையும் வற்கடமும்: போர்க்காலப் பிரித்தானியாவிலும் கிரேக்கத்திலும் உணவு நிலை (1940–1944)

பற்றாக்குறை, பஞ்சம் என்னும் இரு சொற்களையும் உலக வழக்கில் வேறுபாடின்றி ஆள்கின்றோம். வரலாறு எழுதுவார்க்கு இவை ஒன்றல்ல. பண்டம் குறைவது பற்றாக்குறை. அக்குறையால் மக்கள் மாள்வது பஞ்சம். முன்னது பின்னதாக மாறுவது எந்நிலையில் என்னும் வினாவிற்கு, இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பிரித்தானியாவையும் கிரேக்க நாட்டையும் அருகருகே வைத்து நோக்கின் ஓரளவு விடை கிடைக்கும். இரண்டும் ஓரணியில் நின்று ஒரே பகைவனை எதிர்த்த நாடுகள். எனினும் அவற்றுக்கு நேர்ந்த இடுக்கண் வேறு வேறு. பிரித்தானியா கடல்வழி அடைபட்டும் தன் அரசோடு நின்றது. கிரேக்கம் அரசை இழந்து அயலார் பிடியிற் கிடந்தது.

முதற்கண் தெளிய வேண்டுவது ஒன்றுண்டு. அயல்நாட்டு உணவை நம்பி வாழ்ந்தமையில் கிரேக்கத்தினும் பிரித்தானியாவே பெரிதும் இடருக்கு உள்ளாகத்தக்கது. போருக்கு முன் பிரித்தானியர் உண்ட உணவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கடல் கடந்து வந்தது. கிரேக்கர் வெளியிலிருந்து தருவித்தது தம் தானியத் தேவையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. இக்கணக்கு ஒன்றையே நோக்குவார், பட்டினி இலண்டனில் தோன்றும் என்று எதிர்பார்த்திருப்பர். தோன்றியதோ ஏதென்சில்.

பிரித்தானிய அரசு 1940 சனவரி 8ஆம் நாள் உப்பிட்ட பன்றியிறைச்சி, வெண்ணெய், சர்க்கரை ஆகிய மூன்றையும் பங்கீட்டிற்கு உட்படுத்திற்று. அவ்வாண்டு மார்ச்சில் பிற இறைச்சியும், சூலையில் தேயிலையும், மறு ஆண்டு பாலாடைக்கட்டியும் ஆடையும் சேர்ந்தன. 1940 ஏப்பிரலில் உணவமைச்சரான உல்ட்டன் பிரபு வணிகத்தில் பழகியவர். உணவியல் அறிஞர் சாக் திரம்மண்டு அவர்க்கு அறிவியல் துணையாய் நின்றார். இவர்தம் திட்டத்தில் குறிக்கத்தக்கது, எவற்றைப் பங்கிட்டனர் என்பதினும் எவற்றைப் பங்கிடாது விட்டனர் என்பதே. ரொட்டியும் உருளைக்கிழங்கும் போர் முடியுமட்டும் பங்கீட்டில் வரவில்லை. உழுதொழிலாளியும் சுரங்கத் தொழிலாளியும் வேண்டுமளவு வயிறு நிரப்பிக்கொள்ள அவை விடப்பட்டன. ஆயின் ரொட்டியின் மாவு மாற்றப்பட்டது: தவிடு பெரிதும் நீக்கா மாவினாலாகிய மங்கிய நிற ரொட்டி 1942 முதல் எங்கும் வழங்கிற்று. அதனை விரும்பினார் சிலரே, உண்டவர் அனைவரும். கருவுற்ற மகளிர்க்கும் ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகட்கும் 1940 முதல் குறைந்த விலையில் பால் அளிக்கப்பட்டது. வறியோர் விலையின்றியே பெற்றனர்.

இதன் பயனைக் குழந்தை இறப்புக் கணக்கிற் காணலாம். இங்கிலாந்திலும் வேல்சிலும் ஆயிரம் பிறப்பிற்கு 1939இல் 51ஆக இருந்த இறப்பு, குண்டுவீச்சு மிக்க 1941இல் 60ஆக ஏறிற்று. 1944இல் 45ஆக இறங்கிற்று. போர்க்காலத்தில், அமைதிக் காலத்தினும் குறைந்த அளவு இது.

எனினும் இதனைச் சமநிலையின் பொற்காலமாகக் காட்டுவாரோடு உடன்படுதல் அரிது. கள்ளச்சந்தை அங்கும் இருந்தது. செல்வர் உணவுவிடுதியிற் சென்று பங்கீட்டிற்குப் புறம்பே உண்ண முடிந்தது; ஒரு வேளை உணவின் விலை ஐந்து சில்லிங்கிற்கு மேற்போகலாகாது என்று 1942இல் வரம்பிட்டபின்னரே முறையீடு சற்றுத் தணிந்தது. இவ்வொழுங்கு அத்தீவிற்குள்ளேயே முளைத்ததுமன்று. தொடக்கத்தில் ஒருவர்க்கு வாரம் இரண்டு அவுன்சு எனப் பங்கிட்ட தேயிலை அசாமிலும் இலங்கை மலையகத்திலும் பறித்தது. இலண்டன் இல்லத்தரசியின் கிண்ணத்திற்காகத் தமிழ் மகளிர் மலைச்சரிவிற் கூடை சுமந்தமையை நாம் மறத்தலாகாது.

இனிக் கிரேக்கத்திற்கு வருவோம். 1940 அக்டோபர் 28இல் இத்தாலியரும் 1941 ஏப்பிரல் 6இல் செருமானியரும் அந்நாட்டின்மேற் படையெடுத்தனர். ஏப்பிரல் 27இல் ஏதென்சு வீழ்ந்தது. வென்றோர் நாட்டைச் செருமானியர், இத்தாலியர், பல்கேரியர் ஆகிய மூவர் ஆட்சிப் பகுதிகளாகக் கூறிட்டனர். தானியம் மிக விளையும் கிழக்கு மாசிடோனியாவும் திரேசும் பல்கேரியர் கையிற் பட்டமையின், அங்குள்ள கோதுமை ஏதென்சிற்கு வருதல் நின்றது. எண்ணெயையும் உலர்ந்த திராட்சையையும் படைகள் கவர்ந்தன. வண்டிகளும் கோவேறு கழுதைகளும் படைப்பணிக்குப் போயின. எஞ்சிய தானியத்தை உழவர் ஒளித்தனர். அவர்மேற் குற்றங்கூறல் எளிது. ஆயினும் நாள்தோறும் மதிப்பிழக்கும் பணத்திற்காக எவரே விளைச்சலைக் கொடுப்பர்? 1944 நவம்பரில் புதிய நாணயம் வெளியிட்டபோது, ஒரு புதிய திராக்குமாவிற்கு 5,000 கோடி பழைய திராக்குமா ஈடாயிற்று என்பதொன்றே போதும்.

1941இல் அங்கு விளைச்சல் குறைந்தமை உண்மையே. ஆயினும் வானம் பொய்த்தமையால் வந்த வற்கடம் அன்று இது. இறையனார் களவியல் உரை கூறும் பன்னீராண்டு வற்கடத்தில் மழை இல்லை. ஆனால் அரசன் இருந்தான். கிரேக்கத்தில் மழை இருந்தது. பண்டத்தைத் திரட்டிப் பகிர வல்ல ஆணையே இல்லை.

ஏதென்சு மக்களிடமும் பங்கீட்டு அட்டை இருந்தது என்பது பலர் கருதாத செய்தி. அட்டை இருந்தும் ரொட்டி இல்லை. 1941–42 குளிர்காலத்தில் தெருவோரக் கீரையும் புல்பூண்டும் உணவாயின. வீட்டையும் நிலத்தையும் மாவிற்கும் எண்ணெய்க்கும் விற்றனர். ஒருவர் இறப்பின் அவர் அட்டையை ஒப்படைத்தல் வேண்டும். அதற்கஞ்சிய உறவினர், இறப்பைப் பதியாது, உடலை இரவில் இடுகாட்டு மதிலோரம் பெயரின்றி விட்டுச்சென்றனர். ஆதலின் அக்காலத்து இறப்புப் பதிவேடு இறந்தோர் அனைவரையும் உடையதன்று. புள்ளி விவரம் கொண்டு ஆராய்வார் இதனை உளங்கொள்க. 1941 முதல் 1943 வரை இறந்தோர் இரண்டரை இலட்சம் என்பது செஞ்சிலுவைச் சங்கத்தார் மதிப்பீடு.

இவ்விரு வரலாறுகளும் ஓரிடத்திற் பின்னிக் கிடக்கின்றன. பிரித்தானியாவைக் காத்த கடற்படையே கிரேக்கத்தின் கடல்வாயிலையும் அடைத்தது. பகைவன் பிடித்த நாடுகட்கு உணவு செல்லவிடோம், அங்குள்ளாரை உண்பித்தல் பிடித்தவன் கடன் என்று சர்ச்சில் 1940 ஆகத்து 20இல் மன்றத்தில் அறிவித்திருந்தார். பிடித்தவனோ அக்கடனை ஏற்கவில்லை. துருக்கியர் அனுப்பிய ‘குர்த்துலுசு’ என்னும் கப்பல் இசைவு பெற்று 1941 அக்டோபர் முதல் உணவு கொணர்ந்தது; 1942 சனவரியில் அதுவும் மர்மராக் கடலில் மூழ்கிற்று. பின்னரே முற்றுகை தளர்ந்தது. 1942 இறுதிப்பகுதியில், மாதம் 15,000 டன் கனடா நாட்டுக் கோதுமை என்னும் திட்டத்தோடு சுவீடன் கப்பல்கள் வரத் தொடங்கின. சுவீடன், சுவிட்சர்லாந்து நாட்டார் அடங்கிய குழு அதனைப் பகிர்ந்தளித்தது. அடுத்த குளிர்காலத்திலும் ஆட்சி அயலாருடையதே. பணம் முன்னினும் இழிந்தது. ஆயினும் ஏதென்சில் முன்னாண்டுச் சாவு திரும்பவில்லை. கோதுமை வந்தமையோடு, இருதரப்பாரும் நம்பிய ஒரு கை அதனைப் பகிர்ந்தமையும் இதற்குக் காரணம் என்பது என் துணிபு.

அரசு இருப்பின் பஞ்சம் வாராது என்று இதனாற் கொள்ளலாமோ எனின், கொள்ளலாகாது. 1943இல் வங்காளத்தில் அரசு இருந்தது. பிரித்தானிய அரசே இருந்தது. ஆயினும் இருபது இலட்சத்திற்குக் குறையாதோர் மாண்டனர். அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட தம் நூலில் அப்பஞ்சத்தை ஆராய்ந்து, உணவின் மொத்த அளவினும் அதனைப் பெறும் உரிமையே முதன்மையானது எனக் காட்டினார். இலண்டனில் உணவமைச்சர் உண்போரின் வாக்கிற்கு அஞ்சியவர். வங்கத்து உழவர்க்கு அத்தகைய வாக்கு இல்லை. ஏதென்சு மக்கட்கோ முறையிடவும் ஆளில்லை.

பிரித்தானியாவிலேயே இம்முற்றுகைக்கு வருந்தினோர் இருந்தனர். 1942 அக்டோபர் 5ஆம் நாள் ஆக்சுபோர்டில் புனித மரியாள் திருச்சபையின் பழைய நூலக அறையிற் சிலர் கூடிப் பஞ்ச நிவாரணக் குழுவொன்றை அமைத்தனர். அவருள் ஒருவர், யூரிப்பிடீசின் நாடகங்களை ஆங்கிலத்தில் தந்த கிரேக்கமொழிப் பேராசிரியர் கில்பர்ட்டு மரே. தம் வாழ்நாளெல்லாம் பயின்ற மொழியைப் பேசுவோர்க்கு உணவு செல்ல வழிவிடுமாறு தம் அரசையே கேட்டவர்களுள் அவரும் ஒருவர்.