டிரில் மாஸ்டரும் அத்லெடிக் டிரெயினரும்: ஒரு மாணவனின் கேள்விக்குப் பதில்

பதிவு கொஞ்சம் நீளம். காபியை வைத்துக்கொண்டு படியுங்கள்.

போன வாரம் 1991 செட் மாணவன் ஒருவன் அமெரிக்காவிலிருந்து போன் செய்தான். பிளஸ் டூ அளவில் படிக்கும் மகள் ‘அத்லெடிக் டிரெயினிங்’ படிக்கப் போகிறேன் என்று ஒரே பிடியாக நிற்கிறாளாம். “சார், இது நம்ம பி.டி. மாஸ்டர் வேலைதானே? விசில் ஊதறதுக்கு எதுக்கு சார் மாஸ்டர்ஸ் டிகிரி?” என்று கேட்டான். கேட்ட பிறகுதான் யாரிடம் கேட்கிறோம் என்பது அவனுக்கு உறைத்தது. “சாரி சார், தப்பா எடுத்துக்காதீங்க” என்றான்.

நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. 34 வருடம் விசில் ஊதியவன் நான். ஊர்ப் பெரியவர்கள் என்னைக் கடைசி வரை ‘டிரில் மாஸ்டர்’ என்றுதான் கூப்பிட்டார்கள். கணக்கு வாத்தியார் லீவு போட்டால் என் பீரியடைத்தான் எடுத்துக்கொள்வார்கள். ஆகவே ‘நீ யார், உன் வேலை என்ன’ என்ற கேள்வி எனக்குப் பழகியதுதான். ஆனால் அந்தப் பெண் படிக்க நினைப்பது என் வேலை அல்ல. நான் செய்யத் தெரியாமல் செய்த ஒரு வேலை. அதை விளக்கத்தான் இந்தப் பதிவு.

முதலில் பெயர்க் குழப்பம். அத்லெடிக் டிரெயினர் என்றால் ஆட்டம் சொல்லிக் கொடுப்பவர் அல்ல, அவர் கோச். ஜிம்மில் தண்டால் எடுக்க வைப்பவரும் அல்ல. ஆட்டக்காரனுக்கு அடிபடாமல் பார்த்துக்கொள்வது, அடிபட்டால் அங்கேயே பரிசோதிப்பது, உயிருக்கு ஆபத்தென்றால் முதல் நிமிடத்திலேயே சிகிச்சையைத் தொடங்குவது, பிறகு படிப்படியாக மைதானத்துக்குத் திரும்பக் கொண்டுவருவது: இதுதான் அவர் வேலை. ஒரு மருத்துவரின் வழிகாட்டுதலில் செய்வார். நம் ஊரில் கிரிக்கெட் பார்க்கும்போது பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் ‘ஃபிசியோ’வை நினைத்துக்கொண்டால் ஓரளவு பொருந்தும்.

இந்த வேலை அமெரிக்கக் கல்லூரிகளில் பிறந்தது. 1881-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் தன் கால்பந்து அணிக்காக ஜேம்ஸ் ராபின்சன் என்பவரை அமர்த்தியதைத்தான் வரலாற்றில் முதல் நியமனம் என்று சொல்கிறார்கள். நம் கால்பந்து அல்ல, தோளால் முட்டி மோதும் அவர்கள் ஊர்க் கால்பந்து. அந்தக் காலத்து டிரெயினர்களுக்குப் படிப்பு என்று எதுவும் இல்லை. தைலம் தேய்ப்பார்கள், துணி சுற்றுவார்கள், வாளியில் தண்ணீர் சுமப்பார்கள். ‘தேய்ப்பவர்’ என்ற பொருளில்தான் பலரும் அவர்களைக் கூப்பிட்டார்கள். நமக்கு ‘டிரில் மாஸ்டர்’ மாதிரி.

அந்த ஆட்டம் எவ்வளவு முரடு என்றால், 1905-இல் ஒரே பருவத்தில் பத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் இறந்தார்கள். அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டே கல்லூரிக்காரர்களை அழைத்துப் பேச வேண்டியதாயிற்று. விதிகள் மாறின. ஆனால் அடிபட்டவனை யார் பார்ப்பது என்ற கேள்வி அப்படியே இருந்தது.

அதற்கு ஏட்டில் பதில் எழுத முயன்றவர் சாமுவேல் பிலிக். இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் டிரெயினர் வேலை பார்த்துக்கொண்டே மருத்துவப் படிப்புக்குப் போனவர். 1917-இல் வெளிவந்த அவருடைய ‘டிரெயினர்ஸ் பைபிள்’ இந்தத் தொழிலின் முதல் பாடநூல்களில் ஒன்று. கை வைத்தியமாக இருந்ததை உடற்கூறு தெரிந்து செய்யும் வேலையாக மாற்ற முயன்ற புத்தகம்.

அடுத்து வந்தவர்கள் கான்சாஸ் மாநிலத்தின் கார்ட்னர் என்ற சிற்றூரைச் சேர்ந்த கிரேமர் சகோதரர்கள். கணுக்கால் சுளுக்குக்குத் தைலம் தயாரித்து விற்றவர்கள். எங்கள் காலத்து முதலுதவிப் பெட்டியில் அயோடெக்ஸ் இருந்தது போல அவர்கள் ஊர்ப் பெட்டியில் இவர்கள் தைலம். வியாபாரம்தான், ஆனால் டிரெயினர்களுக்காகப் பத்திரிகையும் நடத்தினார்கள், தனித்தனியாகக் கிடந்தவர்களை ஒன்று சேர்க்கவும் உதவினார்கள்.

சங்கம் சுலபத்தில் நிற்கவில்லை. 1938-இல் ஒன்று தொடங்கி, உலகப்போர் நெருக்கடியில் 1944-இல் மூடிவிட்டார்கள். 1950-இல் கான்சாஸ் சிட்டியில் நூறு பேர் அளவில் கூடி மறுபடி தேசிய அத்லெடிக் டிரெயினர்கள் சங்கத்தைத் தொடங்கினார்கள். இன்று இருப்பது அதுதான். பர்டியூ பல்கலைக்கழகத்து வில்லியம் நியூவெல், ‘பிங்கி’ என்று செல்லப்பெயர், 1955-இல் அதன் செயலாளராகி, தொழிலுக்கு ஒரு படிப்பு வேண்டும் என்று விடாமல் நின்றார். 1959-இல் பாடத்திட்டம் வந்தது. 1970-இல் முதல் சான்றிதழ்த் தேர்வு. 1971-இல் டெக்சாஸ் மாநிலம் உரிமம் கொடுக்கத் தொடங்கியது.

அதுவரை முழுக்க ஆண்கள் கூட்டம். 1966-இல்தான் டாட்டி கோஹன் என்ற பெண் முதல் பெண் உறுப்பினராகச் சேர்ந்தார். என் மாணவன் மகள் கேட்கும் படிப்புக்கு வாசல் திறந்து அறுபது வருடம்தான் ஆகிறது.

1990-இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் இதை மருத்துவம் சார்ந்த தொழில் என்று அங்கீகரித்தது. தைல டப்பாவிலிருந்து அங்கே வர ஹார்வர்டு நியமனத்திலிருந்து கணக்குப் போட்டால் 109 வருடம். அப்புறமும் ‘அனுபவத்தில் கற்றுக்கொண்டு தேர்வு எழுதலாம்’ என்ற குறுக்கு வழி இருந்தது. 2004-இல் அதையும் மூடினார்கள். இளங்கலை போதாது, முதுகலை வேண்டும் என்று 2015-இல் முடிவெடுத்தார்கள். 2022-க்குப் பிறகு இளங்கலை நிலைப் படிப்புக்குப் புதிய சேர்க்கை கிடையாது. அப்பா, உன் கேள்விக்குப் பாதி பதில் இது.

மீதிப் பாதிக்கு என் கதையைச் சொல்ல வேண்டும்.

1988. மண்டல அளவிலான கபடிப் போட்டி, அரையிறுதி. பாடிப் போன நம் பையன் திரும்பும்போது பிடியில் மாட்டி, எதிரணிக்காரன் முழங்கால் அவன் நெற்றிப்பொட்டில் இடித்தது. விழுந்தான். தூக்கி உட்கார வைத்து முகத்தில் சோடா அடித்தேன். கண்ணைத் திறந்தான். “என்ன ஸ்கோர்டா?” என்று கேட்டேன். சொல்லத் தெரியவில்லை. “எந்த ஊர்ல இருக்கோம்?” என்றேன். நம் ஊர் பெயரைச் சொன்னான். நாங்கள் இருந்தது நாற்பது கிலோமீட்டர் தள்ளி.

ஆட்டம் சமநிலை, இன்னும் நாலைந்து நிமிடம். சுற்றி நம் ஊர்க்காரர்கள். “மாஸ்டர், ஆடுவானா?” என்று சத்தம். நான் யாரையும் கேட்கவில்லை. கேட்க யாரும் இல்லை. கோச்சும் நான்தான், வைத்தியனும் நான்தான். “ஆடுவான்” என்று சொல்லி உள்ளே அனுப்பினேன். நாம் ஜெயித்தோம். பஸ்ஸில் வரும்போது அவன் இரண்டு தடவை வாந்தி எடுத்தான். புரோட்டா ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அதையே சொன்னேன்.

அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது என் திறமை அல்ல, அவன் அதிர்ஷ்டம். அது அதிர்ஷ்டம் என்று எனக்குத் தெரிய இருபது வருடம் ஆயிற்று. 2006-இல் வாஷிங்டன் மாநிலத்தில் சாக்கரி லிஸ்டெட் என்ற 13 வயதுப் பையன், தலையில் அடிபட்ட பிறகும் அதே ஆட்டத்தில் மறுபடி இறங்கினான். ஆட்டம் முடிந்ததும் மயங்கி விழுந்தான். மூளையில் ரத்தக்கசிவு. பிழைத்தான், ஆனால் மறுபடி பேசவும் நடக்கவும் பல வருடம் போராட வேண்டியிருந்தது. 2009-இல் அவன் பெயரால் அந்த மாநிலம் சட்டம் போட்டது: தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தாலே பையனை வெளியே எடு, தகுதி உள்ள மருத்துவத் துறையினர் எழுத்தில் சொல்லாமல் உள்ளே விடாதே. சில வருடங்களில் எல்லா மாநிலங்களிலும் இதுபோன்ற சட்டம் வந்தது. அதைப் படித்த அன்று இரவு எனக்கு அந்த பஸ்தான் நினைவுக்கு வந்தது.

நான் கெட்டவன் என்று சொல்லவில்லை. அந்தப் பையன் மேல் உயிரையே வைத்திருந்தேன். ஆனால் ஜெயிக்க வேண்டியவனே, இவன் ஆடலாமா என்று முடிவு செய்யவும் கூடாது. அமெரிக்க டிரெயினர்களுக்கும் வெகுகாலம் இதே சிக்கல். சம்பளம் விளையாட்டுத் துறையில், அதிகாரம் கோச் கையில். ஆகவே தொழிலை வளர்ப்பது என்றால் படிப்பைக் கூட்டுவது மட்டுமல்ல, கோச்சிடம் “முடியாது” என்று சொல்லும் உரிமையை வாங்குவதும்தான். அந்த முடிவில் கோச் தலையிடக் கூடாது என்று பெரிய கல்லூரி அணிகளுக்கு விதி வந்தது 2016-இல். நேற்று மாதிரி.

பட்டமும் விதியும் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல மாட்டேன். 2018-இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் ஜோர்டன் மெக்நேர் என்ற 19 வயது இளைஞன் பயிற்சியின்போது வெப்ப அதிர்ச்சி வந்து, இரண்டு வாரத்தில் இறந்தான். உடனே குளிர்ந்த நீரில் அமிழ்த்தியிருக்க வேண்டும், செய்யவில்லை என்று விசாரணை சொன்னது. டிரெயினர்கள் அங்கேதான் இருந்தார்கள். தெரிந்ததை அந்த நிமிடத்தில் செய்பவர்தான் அந்தப் பெயருக்குத் தகுந்தவர்.

செய்தவரும் உண்டு. 2023 ஜனவரி 2, சின்சினாட்டி. பஃபலோ அணியின் டமார் ஹாம்லின் மோதிய வேகத்தில் எழுந்து, அப்படியே சாய்ந்தார். இதயம் நின்றுவிட்டது. அணியின் உதவி அத்லெடிக் டிரெயினர் டென்னி கெல்லிங்டன் ஓடி வந்து நெஞ்சை அழுத்தத் தொடங்கினார். ஹாம்லின் பிழைத்தார், மறுபடி ஆடவும் செய்தார். அன்று வரை கெல்லிங்டன் பெயர் எத்தனை ரசிகர்களுக்குத் தெரிந்திருக்கும்? அந்த வேலை அப்படித்தான். நன்றாக நடக்கும் வரை யாருக்கும் பெயர் தெரியாது.

எங்கள் தொழிலையும் இங்கே ஒருவர் தூக்கி நிறுத்தினார். அவரும் அமெரிக்கர்தான், ஹாரி குரோ பக். 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். ‘டிரில்’ என்பதை ‘உடற்கல்வி’ ஆக்கியவர்களில் முதன்மையானவர். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கிற்கு இந்திய அணியோடு மேலாளராகப் போனவர். நந்தனத்தில் இன்றும் அந்தக் கல்லூரி இருக்கிறது, நானும் அந்த வாசல் வழியாக வந்தவன்தான். ஆனால் நம் பள்ளி மைதானங்களில் கோச்சுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய அந்த இரண்டாவது ஆள் இன்னும் வரவில்லை. இன்றும் ஒரே ஆள், ஒரே விசில், ஒரே டப்பா.

ஆகவே தம்பி, உன் மகளைப் படிக்க விடு. சம்பளம் டாக்டர் அளவுக்கு வராது. வேலை நேரம் மாலையும் வார விடுமுறையும். முதலில் யாராவது மூத்தவர் கீழே தண்ணீர் பாட்டில் நிரப்புவாள், நூறு கணுக்கால்களுக்குக் கட்டுப் போடுவாள். ‘இதற்கா படித்தேன்’ என்று ஒரு நாள் உனக்கு போன் செய்து அழுவாள். பொறுமையாகக் கேள். பிறகு ஒரு நாள், மைதானமே கத்திக்கொண்டிருக்கும்போது கோச் வந்து “ஆடுவானா?” என்று கேட்பார். அவள் “மாட்டான்” என்பாள். அன்றைக்குத்தான் அவள் அத்லெடிக் டிரெயினர் ஆவாள்.

என் மாணவர்களில் இப்போது உடற்கல்வி ஆசிரியர்களாக இருப்பவர்கள் எட்டுப் பேராவது இதைப் படிப்பீர்கள். தலையில் அடிபட்டால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. கோப்பை போனால் போகட்டும்.

அந்த 1988 பையனும் இதைப் படிப்பான். இன்று பேரப்பிள்ளை எடுத்துவிட்டான். தம்பி, 37 வருடமாகச் சொல்ல நினைத்தது: அன்றைக்கு உன்னை நான் உள்ளே அனுப்பியிருக்கக் கூடாது. மன்னித்துக்கொள்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அவன் யார் என்று தெரிந்தாலும் கமெண்டில் பெயர் போடாதீர்கள்.