எட்டு மாதத்து விதை

நேயர்களே, மீன் பாடும் வாவியின் நடுவே கிடக்கிறது புளியந்தீவு. அங்கே வேரூன்றிய மெதடிஸ்த திருச்சபையின் கதை, கட்டடத்தில் அல்ல, கடலிலே தொடங்குகிறது.

1813 டிசெம்பரில் தோமஸ் கோக் அடிகளாரின் தலைமையில் இங்கிலாந்திலிருந்து கப்பலேறிய குழுவில் வில்லியம் ஓல்ட் என்ற போதகரும் இருந்தார். வழியிலே அவருடைய மனைவி இறந்தார். 1814 மே 3இல் கோக்கும் இறந்தார். இருவரையும் கடலிலேயே அடக்கம் செய்தனர். ஜூன் 29இல் காலியிலே கரையிறங்கியவர்கள் யாழ்ப்பாணம், காலி, மாத்தறை எனப் பிரிந்தபோது, ஓல்டுக்கு வாய்த்தது மட்டக்களப்பு.

தனியாளாக வந்தவர் பிரசங்கத்தோடு நிற்கவில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடசாலைகளைத் திறந்தார். எட்டு மாதத்தில் எட்டுப் பாடசாலைகள் என்பர். 1815 ஏப்ரல் 1இல் அவர் மறைந்தார். மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி தனது தொடக்கத்தை 1814இலிருந்தே எண்ணுகிறது.

மதம் பரப்பத்தானே பள்ளி வைத்தார்கள் என்று கேட்கலாம். அந்த நோக்கம் இருந்தது உண்மையே. ஆனால் எழுத்தறிவு கொடுத்தவரின் எல்லைக்குள் நிற்பதில்லை. 1892இல் காரைதீவிலே சைவக் குடும்பத்தில் பிறந்த சிறுவனொருவன் கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் படித்தான். அவனே பின்னர் இராமகிருஷ்ண சங்கத் துறவியாகி, 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவி, 1947இல் 'யாழ் நூல்' தந்த விபுலாநந்த அடிகள்.

ஓல்ட் எதிர்பார்த்த அறுவடை இதுவன்று. ஆயினும் அவர் திறந்துவிட்ட வழியிலே வந்த விளைச்சல்தான், நேயர்களே.