எழுதப்படாத விதி: அணி விளையாட்டுகளில் தன்பாலீர்ப்புடைய வீரர்கள்

1947-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் ஜாக்கி ராபின்சன் என்னும் கறுப்பின வீரர் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் சீருடையில் களமிறங்கியபோது, அமெரிக்கப் பேஸ்பால் ஆட்டத்தின் உயர்மட்டத்தில் ஏறத்தாழ அறுபது ஆண்டுகளாக நிலவிவந்த நிறத்தடை முறிந்தது. அத்தடை அச்சங்கங்களின் விதிநூலில் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை என்பது பலர் அறியாத செய்தி. அணி உரிமையாளர்கள் தமக்குள் பேணிவந்த வாய்மொழி உடன்பாடே தலைமுறை தலைமுறையாகக் கறுப்பின வீரர்களை வெளியே நிறுத்திவைத்தது. அதை முறிக்க முன்வந்த பிராஞ்ச் ரிக்கி ஒரு மெதடிஸ்தர். தாயாருக்குக் கொடுத்த வாக்கின் பொருட்டு ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களுக்குச் செல்லாதவர். ராபின்சனும் மெதடிஸ்தரே. இவ்வரலாறு நம் இளைஞர் கூடுகைகளில் எடுத்துக்காட்டாக அடிக்கடி சொல்லப்படுவதுண்டு.

அதே டாட்ஜர்ஸ் அணியில் முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர் செயல்பட்ட மற்றோர் எழுதப்படாத விதியைப் பற்றி நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. அது தன்பாலீர்ப்புடைய வீரர்களைப் பற்றியது. (முன்னர் வழங்கிய தமிழ்ச் சொல் செயல் ஒன்றையே சுட்டிற்று, மனிதரைச் சுட்டவில்லை. ஆதலால் அண்மைக்காலத்தில் வழக்கிற்கு வந்துள்ள இச்சொல்லையே நாம் இங்கு ஆளுகின்றோம்.) தோலின் நிறத்தை எவரும் மறைக்க இயலாது, உள்ளத்தின் நாட்டத்தை மறைக்க இயலும். ஆகவே இவ்விரண்டாம் விதி முந்தியதினும் நுட்பமான வடிவம் கொண்டது. உள்ளே வருவதை அது தடுக்கவில்லை. வாய் திறப்பதைத்தான் தடுத்தது. உடனாடியவர்கள் அறிந்திருந்தார்கள், பயிற்சியாளர் ஐயுற்றார், உரிமையாளர் செவியுற்றார். ஆயினும் எவரும் சொல்லலாகாது. இவ்வரலாற்றைக் கூறுவோர் வெறுப்பு படிப்படியாகக் குறைந்த கதையாகவே இதனைக் கூறுவர். சான்றுகளை நெருங்கி நோக்குமிடத்து, அறிந்திருத்தலுக்கும் ஏற்றுக்கொள்ளுதலுக்கும் இடையே கிடந்த இந்த மௌனமே இதன் உண்மையான பொருள் என்று நமக்குத் தோன்றுகிறது.

அமெரிக்கக் காற்பந்து அணிகள் ஐந்தில் ஆடி ஓய்வுபெற்ற டேவிட் கோப்பே 1975 டிசம்பரில் வாஷிங்டன் நகர நாளேடு ஒன்றில் தம்மைப் பற்றி வெளிப்படையாகக் கூறினார். தொழில்முறை அணி விளையாட்டு வீரர் ஒருவர் இவ்வாறு பேசியது அதுவே முதன்முறை. அவர் விரும்பிய பயிற்சியாளர் பணி அவருக்குக் கிடைக்கவில்லை. தம் உறவினரின் தரைவிரிப்பு வணிகத்தில் பணிபுரிந்தார். அவருடன் வாஷிங்டன் அணியில் ஆடிய ஜெரி ஸ்மித் மறுவழியைத் தெரிந்துகொண்டார். 1965 முதல் 1977 வரை ஆடி, தாம் நின்ற ஆட்டநிலையில் அதுவரை எவரும் எட்டாத அளவுக்கு 60 முறை இலக்கைக் கடந்தவர் அவர். தோழர் பலர் அவரைப் பற்றி அறிந்திருந்தனர். 1969-இல் அவ்வணிக்குப் பயிற்சியாளராக வந்த வின்ஸ் லோம்பார்டி, இத்தகைய வீரர் எவரையும் இழித்துரைத்தல் கூடாதெனத் தம் துணையாளர்களைக் கண்டித்து வைத்திருந்தார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். லோம்பார்டியின் உடன்பிறந்தார் ஒருவரும் அவ்வியல்பினரே. அத்துணைப் பாதுகாப்பிருந்தும் ஸ்மித் பொதுவில் ஒரு சொல்லும் சொல்லவில்லை. 1986-இல் எய்ட்ஸ் நோயால் இறக்கும் தறுவாயில் நோயை மட்டும் உலகறியச் செய்தார். அதற்குமேல் ஒன்றும் கூறாமலே மறைந்தார்.

டாட்ஜர்ஸ் அணியின் கிளென் பர்க்கிடம் வருவோம். கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் 1952-இல் பிறந்த இவர் 1976-இல் அவ்வணியில் சேர்ந்தார். அப்போது அணி லாஸ் ஏஞ்சலஸ் நகருக்குக் குடிபெயர்ந்து பல ஆண்டுகளாகியிருந்தன. 1977 அக்டோபர் 2-ஆம் நாள் டஸ்டி பேக்கர் அவ்வாண்டின் முப்பதாவது ஹோம்ரன் அடித்துத் திரும்பியபோது, பர்க் தம் கையை உயர நீட்டி அவரை வரவேற்றார். பேக்கரும் அக்கையில் தம் கையைத் தட்டினார். இன்று உலகெங்கும் சிறுபிள்ளைகள் கூட மகிழ்ச்சியில் உள்ளங்கைகளை உயர்த்தித் தட்டிக்கொள்வதற்கு முதற்காட்சியாகப் பலரும் சுட்டுவது இந்நிகழ்ச்சியையே.

உடை மாற்றும் அறையில் பர்க் விரும்பப்பட்டவர். அறையைச் சிரிக்க வைப்பவர். அவர் இயல்பை உடனாடியோரில் பலர் ஊகித்திருந்தனர். சிக்கல் மேலிடத்திலேயே எழுந்தது. அணியின் நிர்வாகி அல் கம்பானிஸ் அவரை அழைத்து, மணம் செய்துகொண்டால் தேனிலவுச் செலவுக்கு 75,000 டாலர் தருவதாகக் கூறினார் என்பது பர்க் பின்னர் அளித்த சாட்சியம். மணப்பது ஒரு பெண்ணைத்தானோ என்று பர்க் திருப்பிக் கேட்டாராம். 1978 மே மாதத்தில் அவர் ஓக்லாந்து அணிக்கு மாற்றப்பட்டார். அச்செய்தி கேட்டு அறையில் கண்கலங்கியோர் உண்டு. ஓக்லாந்தில் 1980-இல் மேலாளராக வந்த பில்லி மார்ட்டின், புதிய வீரர்களுக்கு அவரை அறிமுகம் செய்யும்போதே இழிசொல்லால் சுட்டினார் என்று அங்கிருந்தோர் பின்னர் கூறியுள்ளனர். அவ்வாண்டிலேயே, தம் இருபத்தேழாம் வயதில், 225 ஆட்டங்களோடு பர்க் உயர்மட்டப் பேஸ்பாலை விட்டு நீங்கினார். 1982-இல் ஓர் இதழில் தம் கதையைச் சொன்னார். பின்னர் போதைப்பழக்கம், சிறை, வறுமை. 1995-இல் எய்ட்ஸ் நோயால் மரணம்.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். பர்க்கைத் துரத்தியது கூட்டத்தின் கூச்சலன்று. கூட்டத்திற்கு அவரைப் பற்றி ஒன்றும் தெரியாது. உடனாடிய இளைஞரும் அதைச் செய்யவில்லை. பண்பும் வணிகமும் அறிந்த மூத்தோர் சிலர், எழுத்தில் ஒன்றும் வைக்காமல், வீரர் மாற்றம் என்னும் வழக்கமான நடைமுறையால் அதைச் செய்து முடித்தனர். அதே கம்பானிஸ் 1987-இல், ராபின்சன் களமிறங்கிய நாற்பதாம் ஆண்டு நினைவுக்கான தொலைக்காட்சி நிகழ்ச்சியில், கறுப்பினத்தார் நிர்வாகப் பொறுப்புக்குத் தகுதியற்றவர் என்று பொருள்படப் பேசிப் பதவி இழந்தார். முதல் விதியைப் பற்றி வாய்தவறியவருக்குத் தண்டனை கிடைத்தது. இரண்டாம் விதியைச் செயல்படுத்தியதற்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

இங்கிலாந்தின் ஜஸ்டின் ஃபஷானு வரலாறு நம் இதழின் வாசகருக்கு இன்னும் நெருக்கமானது. ஏனெனில் அவர் அறிக்கையிட்ட கிறிஸ்தவர். 1961-இல் இலண்டனில் பிறந்தார். தந்தை நைஜீரியர், தாய் கயானா நாட்டவர். பெற்றோர் பிரிந்தபின் தம்பி ஜானுடன் பர்னார்டோ இல்லத்தில் சேர்க்கப்பட்டு, பின்னர் நார்ஃபோக் நாட்டுப்புறத்தில் ஒரு வளர்ப்புக் குடும்பத்தில் வளர்ந்தார். 1980-இல் நார்விச் அணிக்காக லிவர்பூலுக்கு எதிராக அவர் அடித்த கோல் அப்பருவத்தின் சிறந்த கோலாகத் தெரிவு செய்யப்பட்டது. 1981-இல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணி அவரைப் பத்து இலட்சம் பவுனுக்கு வாங்கிற்று. அத்தொகையைப் பெற்ற முதற் கறுப்பினப் பிரித்தானிய வீரர் அவரே.

அந்நகரில் இரண்டு நிகழ்ந்தன. ஃபஷானு மறுபிறப்பின் அனுபவம் பெற்றவராகத் தம்மை அறிவித்துச் சபை ஐக்கியத்தில் சேர்ந்தார். அதே காலத்தில் தன்பாலீர்ப்புடையோர் கூடும் விடுதிகளுக்கு அவர் செல்கிறார் என்னும் செய்தி மேலாளர் பிரையன் கிளஃப் செவிக்கு எட்டியது. கிளஃப் அவரைக் கடிந்து, பயிற்சிக்கு வரலாகாதெனத் தடுத்து, மீறி வந்தபோது காவலரை வரவழைத்து வெளியேற்றினார். இருபத்தொரு வயதுக்கு மேற்பட்டோரின் தனிவாழ்வில் இது குற்றமன்று என்று 1967-இலேயே இங்கிலாந்தின் சட்டம் மாறியிருந்தது. பயிற்சித்திடலின் வாயிலில் அச்சட்டம் செல்லுபடியாகவில்லை. பத்து இலட்சத்திற்கு வாங்கப்பட்டவர் ஒன்றரை இலட்சம் பவுனுக்கு அண்டை அணிக்கு விற்கப்பட்டார். முழங்கால் காயம் ஒருபுறம். விசுவாசத்தையும் தம் இயல்பையும் ஒருங்கே சுமக்க இயலாத உட்போராட்டம் மறுபுறம். அவ்விரண்டையும் சேர்த்துப் பேச அவருக்கு அணியிலும் இடமில்லை, ஐக்கியத்திலும் இடமில்லை.

1990 அக்டோபரில் அவர் வெளிப்படையாகப் பேசினார். பேசிய இடம் வம்புச் செய்திகளை விற்கும் நாளேடு, பணமும் கைமாறிற்று, சொன்னவற்றில் மிகையும் இருந்தது. நல்லதொரு மேடையில் அமைதியாகக் கேட்க எவரேனும் முன்வந்திருந்தால் அவர் அங்கே சென்றிருப்பாரா என்று நாம் கேட்டுக்கொள்வதில் தவறில்லை. தம்பி ஜான், தாமும் பேர்பெற்ற ஆட்டக்காரர், அண்ணனைக் குடும்பத்திற்குப் புறம்பானவர் என்று செய்தித்தாளிலேயே அறிவித்தார். பல்லாண்டுகளுக்குப் பின் அதற்காக வருந்தினார். ஃபஷானு டார்கி போன்ற சிறிய அணிகளில் மேலும் சில ஆண்டுகள் ஆடினார். 1998-இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பதினேழு வயது இளைஞர் ஒருவர் அவர்மீது பாலியல் வன்முறைப் புகார் அளித்தார். அது வழக்குமன்றத்தில் ஆராயப்படவே இல்லை. ஆகவே அதைப் பற்றித் தீர்ப்புக் கூறும் உரிமை நமக்கில்லை. தம் இயல்பை முன்னிட்டு நேர்மையான விசாரணை கிடைக்காது என்று அஞ்சியதாக எழுதி வைத்துவிட்டு, அவ்வாண்டு மே மாதம் இலண்டனில் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 37.

அவருக்குப் பின் இங்கிலாந்தின் தொழில்முறை ஆடவர் காற்பந்தில், ஆடிக்கொண்டிருக்கும்போதே இதைச் சொன்ன அடுத்தவர் பிளாக்பூல் அணியின் ஜேக் டேனியல்ஸ். அது 2022 மே மாதம்; அவருக்கு வயது 17. இடையில் கழிந்தவை முப்பத்தொன்றரை ஆண்டுகள்.

இந்நெடிய இடைவெளியில் வேறு ஆட்டங்கள் சற்று முந்திச் சென்றன. (மகளிர் அணிகளின் வரலாறு வேறு போக்குடையது, தனியே எழுதத்தக்கது.) ஆஸ்திரேலிய ரக்பி லீக்கில் மேன்லி அணியின் இயன் ராபர்ட்ஸ் 1995-இலேயே பேசிவிட்டார். வேல்ஸ் நாட்டு ரக்பித் தலைவர் கேரத் தாமஸ் 2006-இல் தம் பயிற்சியாளரிடம் கண்ணீரோடு கூறினார். பயிற்சியாளர் இரண்டு தோழர்களுக்கு அறிவிக்க, அவர்கள் தோளில் தட்டி, முன்னமே சொல்லியிருக்கலாமே என்றனர். உலகுக்குச் சொன்னது 2009 டிசம்பரில். மறு ஆண்டு அவர் ரக்பி லீக்கிற்கு மாறி ஆடியபோது காஸில்ஃபோர்டு அணியின் பார்வையாளர் சிலர் இழிமொழி கூவினர். அதற்காக விளையாட்டு ஆட்சிக்குழு அவ்வணிக்கு 40,000 பவுன் தண்டம் விதித்தது. எழுதப்படாத விதிக்கு எதிராக எழுதப்பட்ட விதியொன்று செயல்பட்டதை இங்குக் காண்கிறோம். கிரிக்கெட்டில் இங்கிலாந்தின் ஸ்டீவன் டேவிஸ் 2011-இல் பேசினார். உடனாடியோர் அதை முன்னரே அறிந்து இயல்பாக ஏற்றிருந்தனர்.

அமெரிக்காவில் கூடைப்பந்து வீரர் ஜேசன் காலின்ஸ் 2013 ஏப்ரலில் தாமே எழுதிய கட்டுரையில், தம் பெற்றோர் ஓய்வுநாட் பள்ளி ஆசிரியர்கள் என்பதையும், இயேசுவின் போதனையைத் தாம் பொருட்படுத்துவதையும் மறவாமல் குறித்தார். மறு ஆண்டு பிப்ரவரியில் புரூக்ளின் அணிக்காகக் களமிறங்கினார். ராபின்சன் ஆடத் தொடங்கிய அதே புரூக்ளின். அமெரிக்கக் காற்பந்தில் கார்ல் நாசிப் 2021-இல் பேசி, தொடர்ந்து ஆடி, 2023-இல் ஓய்வுபெற்றார். டாட்ஜர்ஸ் அணி 2022 ஜூன் மாதம் பர்க்கின் குடும்பத்தாரை அழைத்து அவரை நினைவுகூர்ந்தது. அவர் இறந்து இருபத்தேழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

விசுவாசத்தை முன்னிட்டு மறுப்போரும் இவ்வரலாற்றில் உண்டு. அவர்களைக் கேலியாகக் கடந்து செல்லுதல் நேர்மையாகாது. தொங்கா வழிவந்த ஆஸ்திரேலிய ரக்பி வீரர் இஸ்ரேல் ஃபொலாவ் 2014-இல் தன்பாலீர்ப்புடையோர் ரக்பிப் போட்டி ஒன்றுக்கு ஆதரவாகப் படம் எடுத்துக்கொண்டவர். அவரே 2019-இல் அவர்களுக்கு நரகத்தை எச்சரித்துச் சமூக ஊடகத்தில் எழுதி ஒப்பந்தத்தை இழந்தார். அவ்வாண்டு டிசம்பரில் இருதரப்பும் உடன்பாட்டுக்கு வந்தன. இவரைத் தண்டித்ததால் ஏற்பு வளர்ந்தது என்று நாம் கருதவில்லை. ஆயினும், அவர் சொற்கள் எட்டிய உடை மாற்றும் அறைகளில் மற்றுமொரு ஃபஷானு அமர்ந்திருந்திருக்கலாம் என்பதை நாம் மறக்க இயலாது.

2022 ஜூலையில் இயன் ராபர்ட்ஸ் ஆடிய அதே மேன்லி அணி, அனைவரையும் உள்ளடக்குதலின் அடையாளமாக வானவில் நிறக்கோடுகள் கொண்ட சீருடை ஒன்றை அறிவித்தது. சமயத்தையும் பண்பாட்டையும் காரணங்காட்டி ஏழு வீரர்கள் அதை அணிய மறுத்து, அவ்வாட்டத்தில் கலந்துகொள்ளவில்லை. மேன்லி தோற்றது. பயிற்சியாளர் டெஸ் ஹேஸ்லர் அவ்வேழு பேரிடமும் தன்பாலீர்ப்புடைய சமுதாயத்தாரிடமும் ஒருங்கே மன்னிப்புக் கேட்டார். சீருடை அறிவிக்கப்படும்வரை அதைப் பற்றி வீரர்களிடம் அணியில் எவரும் கலந்து பேசியிருக்கவில்லை.