சாவா மூவா ஆடும் ஆர்.சி. புத்தகமும்

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு கணக்கு உண்டு. ஒரு விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. அவற்றை ஏற்றுக்கொண்ட இடையர் நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். இப்படி விடப்பட்ட ஆடுகளைச் சோழர் காலக் கல்வெட்டுகள் 'சாவா மூவாப் பேராடு' என்கின்றன. சாகாத ஆடு, கிழடு தட்டாத ஆடு எங்கே இருக்கிறது? செத்ததற்குப் பதில் குட்டியைச் சேர்த்து எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள் என்பதுதான் பொருள். ஆடு எப்படியிருக்கிறது என்பது கல்வெட்டுக்குக் கவலையில்லை. நெய்க்கு யார் பொறுப்பு என்பதுதான் கவலை. பழைய கார் வாங்குகிறவர்கள் இன்று காசு கொடுத்து எடுக்கும் வண்டி வரலாற்று அறிக்கையையும் இந்தக் கண்ணோடு படிக்க வேண்டும் என்பது என் கட்சி.

கார் வருவதற்கு முன் தஞ்சை டெல்டாவில் கைமாறியவை உழவு மாடும் வண்டி மாடும். அவற்றுக்குக் காகிதம் கிடையாது, உடம்புதான் ஏடு. வாயைத் திறந்து கீழ்த்தாடையைப் பார்ப்பார்கள். பால்பல் விழுந்து ரெண்டு பல் போட்டிருந்தால் இரண்டு, இரண்டரை வயது. நாலு பல், ஆறு பல் என்று ஏறி, எட்டும் நிறைந்து கடை சேர்ந்துவிட்டால் ஏறக்குறைய ஐந்து. அதற்கப்புறம் தேய்மானத்தை வைத்து ஊகம்தான். மற்ற சீமைகளில் கொம்பு வளையத்தையும் எண்ணுவார்கள். சேற்றுழவுக்குப் பேர்போன உம்பளச்சேரிக் காளையைக் கொம்பில்லாத 'மொட்டை மாடு' ஆக்கிவிடுவதால் டெல்டாக்காரருக்கு அந்த ஏடும் இல்லை. தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. விலைக்கு வாங்கும் மாட்டைப் பார்க்காதவன் ஏமாளி. ஆனால் பல் வயதைச் சொல்லுமே தவிர, மாடு களவு மாடா, கடனுக்கு ஈடு வைத்ததா என்று சொல்லாது. அதற்குத் துண்டு மறைவில் விரல் பிடித்து விலை பேசிய தரகரின் வாக்குதான் ஜாமீன்.

மோட்டார் வண்டி வந்ததும் நிலைமை தலைகீழானது. 1939, 1988 மோட்டார் வாகனச் சட்டங்களின் கீழ் வந்த பதிவு, வரியையும் உரிமையையும் கடனையும் கட்டிவைக்கப் பிறந்தது. எத்தனையாவது உரிமையாளர், சேசிஸ் எண் என்ன, கடனுக்காக எந்த வங்கிக்கு ஹைப்பாதிகேஷன் என்றெல்லாம் இன்றைய 'வாகன்' கணினிப் பதிவேடு சொல்லிவிடும். திருட்டு வண்டியா என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் பதிவில் தேடலாம். தரகர் வாக்கைவிட இது எவ்வளவோ மேல். இந்த மட்டில் அறிக்கையை நம்பலாம். அதே காகிதம் காரின் உடம்பைப் பற்றி வாய் திறப்பதில்லை. பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்கள் ஓடிய கிலோமீட்டரைக் கேட்பதே இல்லை. சர்வீஸ் ரெக்கார்டு இருக்கிறதே என்பார்கள். வாரண்டி முடிந்த கார் பெரும்பாலும் கம்பெனி சர்வீஸை விட்டுத் தெருமுனை ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விடுகிறது, அங்கே கணக்கு மெக்கானிக்கின் தலைக்குள் இருக்கும். அமெரிக்காவில் 1984 முதல் கார்ஃபாக்ஸ் நிறுவனம் வண்டி வரலாற்றை விற்பதையே தொழிலாக நடத்தவில்லையா என்றும் கேட்கலாம். அதற்கு முன்பே, 1972-ல், விற்பவர் ஓடோமீட்டர் அளவை வாங்குபவருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்று அங்கே சட்டம் வந்துவிட்டது. எழுத வைத்த பிறகு அதைத் தொகுத்து விற்றார்கள். எழுதாததை எந்த நிறுவனமும் தொகுக்க முடியாது.

தண்ணீர் விஷயத்தில் இது அப்பட்டமாகத் தெரியும். 2015 டிசம்பரில் சென்னையில் ஆயிரக்கணக்கான கார்கள் மூழ்கின. மாநிலத்துக்குள் கைமாறும் காருக்கு எண் மாறாது. ஆகவே பதிவெண்ணில் தஞ்சாவூரின் 49-க்கும் கும்பகோணத்தின் 68-க்கும் நடுவே சென்னை எண்ணோடு விற்பனைக்கு நிற்கும் அந்தக் காலத்துக் காரிடம் ஒரு கேள்வி பாக்கியிருக்கிறது: நீ மூழ்கினாயா? மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்த காருக்கு வெள்ளச் சேதம் கேட்கவே வழியில்லை, சொந்தக் காசில் கழுவித் துடைத்திருப்பார்கள். அறிக்கையில் க்ளெய்ம் எதுவும் இல்லை என்றிருக்கும், அது பொய்யுமில்லை. சீட் பெல்ட்டை நுனிவரை இழுத்துப் பார்க்கலாம். வழக்கமாகச் சுருளுக்குள் மறைந்திருக்கும் அந்தக் கடைசி முழத்தைக் கழுவ யாருக்கும் தோன்றுவதில்லை.