கம்பளி போர்த்திய யானைகள்

விழுப்புரத்திலிருந்து கடலூர் போகும் ரயில் பாதையில், பண்ருட்டிக்கும் நெல்லிக்குப்பத்துக்கும் நடுவில் இருக்கிறது மேல்பட்டாம்பாக்கம். சினிமா வியாபாரத்தில் இந்த ஊருக்கு இன்னொரு முகவரியும் உண்டு: என்.எஸ்.சி. ஏரியா. வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு மாவட்டங்களை ஒன்றாகச் சேர்த்து விநியோகஸ்தர்கள் வைத்த பெயர். ஐம்பதுகளில் ஒரு படம் கடலூர், சிதம்பரம் தியேட்டர்களில் ஓடி ஓய்ந்த பிறகுதான், இதுபோன்ற சிற்றூர்களின் டூரிங் டாக்கீஸுக்குப் படப்பெட்டி வந்து சேரும். அதற்குள் பிரதியில் கீறல் விழுந்து திரையில் மழை பெய்யத் தொடங்கியிருக்கும். ஒரே புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்ற மாற்ற இடைவேளை. மணலைக் குவித்து உட்கார்ந்துகொண்ட தரை டிக்கெட்காரர்களுக்கு அதெல்லாம் ஒரு குறையே இல்லை.

அந்தத் தரை டிக்கெட்டுகளை நிரப்பிய படங்களைப் பற்றி நம் சினிமா வரலாறு அதிகம் பேசுவதில்லை. 1952 என்றதும் எல்லோரும் 'பராசக்தி'யைச் சொல்வார்கள். சொல்லவேண்டியதுதான். ஆனால் அதே 1952-ல் சேலத்தில் வேறொரு படமும் உருவானது. அமெரிக்கர்கள் 'பி' படம் என்று அழைக்கும் வகையைச் சேர்ந்த அசல் ஹாலிவுட் படம் அது. ஆங்கிலத்தில் 'தி ஜங்கிள்'. தமிழில் 'காடு'.

'பி' படம் என்பதைத் தரமில்லாத படம் என்று புரிந்துகொள்ளக் கூடாது. அது முதலில் ஒரு வியாபார ஏற்பாடு. முப்பதுகளில் பொருளாதார மந்தம் வந்தபோது, ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் என்று அமெரிக்கத் தியேட்டர்கள் ஆசை காட்டின. பெரிய நட்சத்திரம் நடித்த படத்துக்கு வசூலில் பங்கு. கூடச் சேர்க்கும் சின்னப் படத்துக்கு நிலையான வாடகை மட்டும். படம் எவ்வளவு நன்றாக ஓடினாலும் வாடகை ஏறாது. ஆகவே செலவைச் சுருக்கினால்தான் லாபம். சில நாட்களில் படப்பிடிப்பு, ஒன்றேகால் மணி நேர நீளம், குதிரை, துப்பாக்கி, பேய், ராக்கெட், காடு. இந்தத் தொழிலில் பெயர் பெற்றவர் ராபர்ட் லிப்பர்ட். கலிபோர்னியாவில் வரிசையாகத் தியேட்டர்கள் வைத்திருந்தவர், மற்றவர்களுக்கு வாடகை கொடுப்பதைவிட நாமே எடுப்பது மேல் என்று தயாரிப்பில் இறங்கினார். 'தி ஜங்கிள்' அமெரிக்காவில் வெளியானது அவருடைய நிறுவனத்தின் வழியாகத்தான்.

சேலம் எப்படி இதற்குள் வந்தது? ஏற்காடு மலையடிவாரத்தில் மாடர்ன் தியேட்டர்ஸை நடத்திய டி.ஆர்.சுந்தரம், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்தவர். ஒரு மில்லை நடத்துவதுபோல ஸ்டுடியோவை நடத்தினார். நடிகர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் மாதச் சம்பளம். எல்லா வேலையும் ஒரே வளாகத்துக்குள். சென்னையில் ஒரு கால்ஷீட்டுக்காகக் காத்துக் கிடக்கும் நேரத்தில், அங்கே படம் முடிந்துவிடும். 1950-ல் அவர் இயக்கிய 'திகம்பர சாமியார்', வடுவூர் துரைசாமி ஐயங்காரின் துப்பறியும் நாவலை வைத்து எடுத்தது. எம்.என்.நம்பியார்தான் கதாநாயகன், படத்தில் பதினொரு வேடங்கள் போட்டார். பெரிய நட்சத்திரம் இல்லாமல், மர்மத்தையும் மாறுவேடத்தையும் மட்டும் நம்பி எடுத்த அந்தப் படத்தை நம் மண்ணின் 'பி' படம் என்று தாராளமாகச் சொல்வேன்.

அதே ஆண்டு சேலத்தில் 'மந்திரி குமாரி'யை இயக்கிவந்து, அது முடிவதற்கு முன்பே சுந்தரத்திடம் விட்டுவிட்டு அமெரிக்கா திரும்பினார் எல்லிஸ் ஆர்.டங்கன். 1935-ல் இந்தியாவுக்கு வந்து, தமிழ் தெரியாமலே 'சதி லீலாவதி', 'சகுந்தலை', 'மீரா' என்று தமிழ்ப் படங்களை இயக்கிய மனிதர். ஹாலிவுட்டுக்கும் சேலத்துக்கும் இடையே பாலமாக அவரைவிடப் பொருத்தமானவர் யார்? 'காடு' தயாரிப்பில் அவருக்கும் பங்கு இருந்தது.

இயக்க வந்தவர் வில்லியம் பெர்க். 1948-ல் ஜானி வெய்ஸ்முல்லரை வைத்து 'ஜங்கிள் ஜிம்' எடுத்தவர். அந்தப் படத்துக்கு எழுதிய கரோல் யங்தான் இதற்கும் கதை எழுதினார். ஒளிப்பதிவாளர் கிளைட் டி வின்னா, ஆஸ்கர் விருது வாங்கியவர். நடிக்க வந்தவர்கள் ராட் கேமரன், சீசர் ரொமேரோ, மேரி வின்ட்சர். கூடவே நம்பியாரும் நடித்தார். ஜி.ராமநாதனின் இசையும் படத்தில் சேர்ந்தது.

கதை இதுதான். காட்டில் யானைகள் மிரண்டு ஊர்களைத் துவம்சம் செய்கின்றன. எதைக் கண்டு மிரள்கின்றன? எப்போதோ அழிந்துபோனதாக உலகம் நம்பிய மம்மூத் என்னும் உரோம யானைகளைக் கண்டு! இளவரசி, அவளுடைய ஆலோசகர், வெள்ளைக்கார வேட்டைக்காரர் மூவரும் அவற்றைத் தேடிக் காட்டுக்குள் போகிறார்கள். மம்மூத்துக்கு எங்கே போவது? நம் ஊர் யானைகளுக்கே சடைசடையாக உரோமப் போர்வை போர்த்தி நடக்கவிட்டார்கள். ஆங்கில வடிவம் இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. இன்றைய கண்ணுக்குப் போர்வை போர்வையாகத்தான் தெரியும். ஆனாலும் கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில், உயிருள்ள யானை ஒன்று அத்தனை பாரத்தைச் சுமந்துகொண்டு காமிரா முன்னால் உண்மையிலேயே நடந்தது என்பதை நினைத்தால் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. யானைப்பாகனின் திறமையும் தையற்காரரின் உழைப்பும் சேர்ந்த வித்தை அது. விஞ்ஞானக் கற்பனை என்ற வகையில் இந்திய மண்ணில் எடுக்கப்பட்ட மிக முந்தைய படங்களில் ஒன்றும் இதுவே.

அமெரிக்காவில் 'பி' படம் என்பது இன்னொரு படத்தோடு ஒட்டிக்கொள்ளும் துணைப் படம். இங்கே அதுவே முழுப் படம். இந்த வேறுபாடுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தமிழ் ரசிகர் ஒரு டிக்கெட்டுக்கு ஒரு படம்தான் பார்த்தார். ஆகவே சிறு முதலீட்டுப் படமும் தனியாக நின்று, மூன்று மணி நேரத்துக்கான பாட்டு, சண்டை, நகைச்சுவை, கண்ணீர் எல்லாவற்றையும் தந்தாக வேண்டும். அமெரிக்கச் சின்னப் படத்துக்கு அந்தச் சுமை இல்லை. நம் கலைஞர்கள் குறைந்த பணத்தில் கூடுதலான வேலை செய்தார்கள். அவர்கள் பெயர்கள் பாட்டுப் புத்தகங்களோடு மக்கிப் போனதை என்னால் ஏற்க முடியவில்லை.

பேய்ப் படத்துக்கும் இந்தக் காலத்தில்தான் அரசு முத்திரை விழுந்தது. 1951-ல் ஜுபிடரின் 'மர்மயோகி'யில் ஆவி வரும் காட்சிக்காகத் தணிக்கைக் குழு 'ஏ' சான்றிதழ் கொடுத்தது. தமிழில் அந்தச் சான்றிதழ் பெற்ற முதல் படம் எம்.ஜி.ஆர். நடித்த அதுதான். ஜுபிடர் பெரிய நிறுவனம், படமும் பெரிய படம். ஆனாலும் ஆவியும் மர்மமும் கூட்டத்தை இழுக்கும் என்பதைச் சின்ன முதலாளிகளுக்கு அது காட்டிக்கொடுத்தது.

1956-ல் சுந்தரம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தை கேவாகலரில் எடுத்தார். தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம். குகையும் திருடர்களும் மந்திரச் சொல்லும் அதுவரை சின்னப் படங்களின் சரக்கு. அவற்றின் மேல் பெரிய பணம் கொட்டியது அப்போதுதான். 1963-ல் அவர் மறைந்தார். அறுபதுகளின் நடுவில் அதே ஸ்டுடியோ வாள்களை ஓரம் வைத்துவிட்டுத் துப்பாக்கியைக் கையில் எடுத்தது. ஜெய்சங்கர் துப்பறிய வந்தார். 'இரு வல்லவர்கள்', 'வல்லவன் ஒருவன்' ஆகிய படங்களை அடுத்த வாரம் பார்ப்போம்.