செஞ்சிக் கல்யாண மகாலும் நமது பழைய மனைகளும்

நமது சங்கத்தைச் சேர்ந்த ஒரு குடும்பத்தார், தங்கள் பாட்டனார் கட்டிய பழைய வீட்டைத் தோட்டத்துடன் விக்கிரயம் செய்ய உத்தேசித்து, நமது அபிப்பிராயத்தைக் கேட்டு எழுதியிருந்தனர். வீடு செஞ்சிக்கு அணித்தான ஒரு கிராமத்தில் உள்ளது. திண்ணை, நடை, முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், தேக்குமரத் தூண்கள், கொல்லையில் கிணறு, அதனை அடுத்து மாவும் தென்னையும் நின்ற தோட்டம் ஆகிய யாவும் அமைந்தது. சில ஆண்டுகளுக்கு முன் மூத்த சகோதரர் தம் கைப்பொருளைச் செலவிட்டு அதனைப் பழைய முறைப்படியே ஜீர்ணோத்தாரணம் செய்தார். இப்பொழுது வாங்க வந்திருப்பவர் இருவர். ஒருவர் குடியிருக்கும் பொருட்டு முழு மனையையும் கேட்கிறார். மற்றவர் தூண்களையும் கதவுகளையும் கழற்றிக்கொண்டு, வெற்று நிலத்தை வேறொருவருக்குத் தள்ளிவிடும் எண்ணத்துடன் அதிக விலை கூறுகிறார். இளைய சகோதரருக்குப் பெண்ணின் விவாகச் செலவு முன்னிற்கின்றது. ஆகவே அவர் இரண்டாமவர்பால் சாய்கின்றார்.

இதற்கு விடை எழுதுமுன் நாம் ஒருமுறை செஞ்சிக்கோட்டைக்குச் சென்று வந்தோம். அங்குக் கண்டவையே நமது விடையாயின. அவற்றை அன்பர் யாவரும் அறிதல் நலமென்று கருதி ஈண்டு வரைகின்றோம்.

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலையில், ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை மதில்களால் பிணைத்து அமைந்தது இக்கோட்டை. உட்கோட்டையினுள் நுழைந்ததும் நம் கண்ணைக் கவர்வது கல்யாண மகால். சதுரமான முற்றம், அதனைச் சுற்றிலும் அறைகள், நடுவே அடுக்கடுக்காக உயர்ந்து, கூம்பிய முடியுடன் நிற்கும் கோபுரம். ஒவ்வோர் அடுக்கிலும் ஒரு சிறிய அறையும், அதனைச் சுற்றி வளைவுகளோடு கூடிய தாழ்வாரமும் உள்ளன. நம் நாட்டுக் கொத்தர் கையும் வடநாட்டு முகம்மதியர் மாளிகைகளின் வளைவும் ஒன்றுகூடிய கட்டடம் இது.

இதனினும் வியப்பானது இதற்கு நீர் வந்த வழி. ராஜகிரியின் அடிவாரத்தில் சக்கரக்குளம், செட்டிக்குளம் என இரண்டு நீர்நிலைகள் உள. மலைப்புறத்து மழைநீர் அவற்றில் தேங்கும். சக்கரக்குளத்திலிருந்து சுட்ட மண்குழாய்களின் வழியே கல்யாண மகாலுக்கு நீர் கொண்டுவரப்பட்டது. மேலடுக்கு வரையிலும் அது ஏறிற்று. இயந்திரம் யாதுமின்றி, நீர் தன் மட்டத்தைத் தானே நாடும் இயல்பொன்றையே துணைக்கொண்டு செய்த வேலை இது. வீட்டுக்குச் சுவர் உடலென்றால் நீரே உயிராகும் என்பதை அக்காலத்தார் நன்கு உணர்ந்திருந்தனர்.

இனி, இக்கோட்டை எத்தனை கை மாறிற்று என்று பாருங்கள். விஜயநகரத்தாருக்கு அடங்கிய நாயக்க மன்னர்களிடம் இருந்தது. 1649-இல் பீஜப்பூர் சுல்தானின் படைகளிடம் வீழ்ந்தது. 1677-இல் சிவாஜி மகாராஜா கைப்பற்றி மதில்களைப் புதுக்கினார். அவர் குமாரர் ராஜாராம் இங்கிருந்துகொண்டே மொகலாயப் படையை எட்டாண்டு எதிர்த்து நின்றார்; 1698-இல் கோட்டை மொகலாயர் வசமாயிற்று. பின்னர் பந்தேலர் மரபினரான ஸ்வரூப்சிங் ஆண்டார். அவர் குமாரர் தேஜசிங்கே நம்மவர் கதைப்பாட்டில் போற்றும் தேசிங்குராஜன். அவர் 1714-இல் ஆற்காட்டு நவாபு சாதத்துல்லாகானுடன் பொருது இளவயதிலேயே மாண்டார். 1750-இல் பிரெஞ்சுக்காரர் புஸ்ஸியின் தலைமையில் ஓரிரவில் இதனைப் பிடித்தனர். 1761-இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1780-இல் ஐதர் அலியின் படையும் சிறிது காலம் இதனைக் கொண்டிருந்தது.

இங்ஙனம் கை மாறியதனால் கோட்டை அழிந்ததா? இல்லை. வந்தவர் ஒவ்வொருவரும் இதில் வாழ்ந்தனர். வாழ்ந்தமையால் பழுது பார்த்தனர். தமக்கு வேண்டியதைக் கூட்டியும் கட்டினர். நாயக்கர் கோயிலெடுத்த வளாகத்திலேயே நவாபின் மசூதியும் எழுந்தது. உடையவர் மாறினும் உறைபவர் இருந்தவரையில் அடுப்பு எரிந்தது, குளம் தூரெடுக்கப்பட்டது, கூரை காக்கப்பட்டது. போர்த்தொழிலின் போக்கு மாறி, கோட்டை எவருக்கும் வேண்டாததாகிக் காவலும் நீங்கிய பின்னரே முட்செடியும் ஆலங்கன்றும் சுவர்களிற் குடியேறின. அரண்மனை நின்ற இடத்தில் இன்று நாம் காண்பது பெரும்பாலும் அடித்தளமே.

இன்னொன்றும் நிகழ்ந்தது. புதுச்சேரிக் கடற்கரையில் மகாத்மா காந்தியின் சிலையைச் சுற்றி உயர்ந்த கற்றூண்கள் நிற்பதை நம்மவர் பலரும் பார்த்திருப்பர். வேலைப்பாடு மிகுந்த அத்தூண்கள் செஞ்சியிலிருந்து பெயர்த்துக் கொண்டுபோகப்பட்டவை. அங்கு அவை அழகாகவே உள்ளன. ஆயினும் அவை எதனையும் தாங்கவில்லை. தாங்குவதற்குக் கூரையில்லாத தூண் காட்சிப்பொருளேயன்றி வீட்டின் உறுப்பாகாது.

இக்காட்சியே செட்டிநாட்டிலும் நேர்ந்துள்ளது. பர்மா தேக்கும் ஆத்தங்குடித் தளக்கல்லும் வெண்சாந்துச் சுவரும் கொண்டு எழுந்த பெருமனைகள், பர்மாவில் வியாபாரம் குலைந்த பின்னர்ப் பல பங்காளிகளின் உடைமையாய்ப் பூட்டிக்கிடந்தன. சில இடித்து விற்கப்பட்டன. அவற்றின் கதவுகளும் தூண்களும் காரைக்குடியின் பழம்பொருட் கடைகளில் தனித்தனியே விலைபோகின்றன. வேறு சிலவோ நல்லோர் கையிற்பட்டு, பழுது நீக்கப்பெற்று, விருந்தினர் விடுதிகளாக வாழ்கின்றன. காரைக்குடியிலும் கானாடுகாத்தானிலும் அத்தகைய மனைகளைக் காணலாம். முன்னவற்றில் எஞ்சியது மரம். பின்னவற்றில் எஞ்சியது வீடு.

ஆதலின், விற்பது கேடன்று. பிரிப்பதே கேடு என்பது நமது துணிபு. பிழைப்பின் பொருட்டுப் பட்டணத்திலும் அயல்நாட்டிலும் வாழும் மக்கள், குடியிருக்க இயலாத வீட்டைக் குடியிருப்பவருக்குக் கொடுத்தல் முன்னோருக்குச் செய்யும் அபசாரமாகாது.

முழுமனையாக விற்கக் கருதுவோர்க்குச் சில கூறுவோம். தாய்ப்பத்திரம் முதலிய தஸ்தாவேஜுகளை ஒழுங்கு செய்து, வில்லங்கம் பார்த்து, பெண்மக்கள் உள்ளிட்ட வாரிசுதாரர் யாவரையும் கலந்து சம்மதம் பெறவேண்டும். கிணற்றையும் தோட்டத்தையும் வீட்டினின்று பிரித்து எழுதலாகாது. நீரை இழந்த தோட்டமும், தோட்டத்தை இழந்த வீடும் நெடுநாள் நில்லா. சுண்ணாம்புச் சாந்தினால் எழுந்த சுவரைச் சுண்ணாம்பினாலேயே பழுது பார்த்தல் வேண்டும். சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவரை அரிக்கும். மத்திய அரசாங்கப் பாதுகாப்பிலுள்ள கோட்டை முதலிய சின்னங்களுக்கு அருகில் மனை உடையவர்கள் மற்றொன்றும் அறிதல் வேண்டும். 2010-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தப்படி எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக்கட்டடம் எழுப்புதல் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே எதுவும் செய்யலாகும். வாங்குபவரிடம் இதனை மறையாது சொல்லல் கடமை.

செஞ்சிக்கோட்டை 1921 முதல் தொல்பொருள் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 2025 ஜூலையில், மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டனுள் ஒன்றாக, யுனெஸ்கோவின் உலக மரபுச்சின்ன வரிசையிலும் இடம்பெற்றது. தமிழ்நாட்டிலிருந்து அத்தொகுதியிற் சேர்ந்த கோட்டை இஃதொன்றே. கோட்டைக்குக் காவலாக அரசாங்கம் உண்டு, உலகமும் உண்டு. நம் பாட்டனார் கட்டிய வீட்டுக்கோ நம்மையன்றிக் காவலர் இல்லை.

இவற்றையெல்லாம் அக்குடும்பத்தாருக்கு எழுதினோம். இளையவரின் நெருக்கடியை நாம் இலேசாகக் கருதவில்லை. வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார் என்று பெரியோர் இரண்டையும் ஒருங்கே வைத்துச் சொன்னது காரணமில்லாமலன்று. விலையிற் குறையும் தொகையை இளையவர் ஒருவரே சுமப்பது நியாயமன்று என்றும் எழுதியிருந்தோம். மூத்தவரிடமிருந்து பதில் வந்துள்ளது. அக்குறையைத் தம் பங்கிலிருந்து ஈடுசெய்வதாகத் தம்பிக்கு வாக்களித்தாராம், தம்பியும் இசைந்தாராம். வீடு குடியிருப்பவருக்கே கிரயமாகின்றது. தங்கை மட்டும் ஒரு வேண்டுகோள் விடுத்தாராம்: கிணற்றடியில் தாயார் வைத்த மாமரத்தில், காய்க்கும் ஆண்டுகளில் ஒரு கூடை காய் தமக்கு வரவேண்டும் என்பது. வாங்குபவர் மகிழ்ந்து ஒப்பினார் என்று அறிந்து நாமும் மகிழ்ந்தோம்.